அருணைக்கு வந்த ஒற்றைக் கேமரா

திருவண்ணாமலையில் தீபத் திருநாளன்று மாலை மலையுச்சியை நோக்கி உயரும் கேமராக்களுக்குக் கணக்கில்லை. கைப்பேசி முதல் முழங்கை நீள லென்ஸ் பொருத்திய கேமரா வரை அத்தனையும் அங்கே காணலாம். மகாதீபம் ஏற்றப்பட்ட சில நிமிடங்களுக்குள் கூட்டத்தில் ஒரு பேச்சு எழும். யாருடைய கருவியில் சுடர் தெளிவாக விழுந்தது, அடுத்த ஆண்டுக்குள் எந்தக் கருவியை வாங்கிவிட வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. ஒளிப்படத்தில் ஈடுபாடு கொண்ட இளைஞர்கள் பலர் மாதத் தவணையில் ஒரு கேமராவை வாங்குவதும், அந்தத் தவணை முடிவதற்குள் அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு அடுத்த தவணையில் இறங்குவதும் இன்று நாம் அன்றாடம் காணும் காட்சி.

இதே ஊருக்கு 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து தங்கினார். அப்போது அவருக்கு வயது 41. இருபதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றி யார் பேசினாலும் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுகிற ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸோன்தான் அவர். கைக்கு அடக்கமான லைக்கா கேமரா, அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஏறத்தாழ இவ்வளவுதான் அவருடைய தொழிற்கருவி. 1932இல் முதல் லைக்காவை வாங்கியதிலிருந்து கேமராவைக் கீழே வைத்த நாள் வரை இந்த ஏற்பாட்டை அவர் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. வாங்க வசதியில்லாமல் இப்படி இருந்தவர் அல்லர் என்பதுதான், பொருளியல் கற்பித்தே காலம் கழித்த என் போன்றோருக்கு அவருடைய வாழ்க்கையைச் சுவையுடையதாக்குகிறது.

1908 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்குக் கிழக்கே ஷாந்தலூ என்ற சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். குடும்பத் தொழில் தையல் நூல் உற்பத்தி. பிரெஞ்சு வீடுகளின் தையல் பெட்டிகளில் அந்தக் குடும்பப் பெயர் தாங்கிய நூல்கண்டு இருக்கும். மூத்த மகன் தொழிலை ஏற்பான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ ஓவியம் பயிலப் போனார். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் அவர் கற்றது வண்ணத்தைவிட வடிவக் கணக்கையே. ஒரு சட்டகத்துக்குள் கோடுகளும் உருவங்களும் எந்த விகிதத்தில் அமைந்தால் கண் நிறைவடையும் என்ற அந்தப் பாடம் வாழ்நாள் முழுவதும் அவருக்கு உடன்வந்தது. கேமராவை வாங்குவதற்கு முன்பே அவருடைய கண் பயிற்சி பெற்றிருந்தது. நம் காலத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

இருபத்திரண்டு வயதளவில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போய் வேட்டையாடிப் பிழைத்தார். கொடிய காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புவரை சென்று ஊர் திரும்பினார். உடல் தேறிவந்த காலத்தில், டாங்கனீக்கா ஏரியின் அலைகளுக்குள் மூன்று சிறுவர்கள் ஓடும் காட்சியை ஹங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி எடுத்திருந்த படம் அவர் கண்ணில் பட்டது. ஒரு நொடியை இப்படி நிறுத்தி வைக்க முடியுமா என்ற வியப்பே அவரை ஓவியத்திலிருந்து ஒளிப்படத்தின் பக்கம் திருப்பியது. மார்சேய் நகரில் ஒரு லைக்காவை வாங்கினார்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லைக்கா அன்றைக்குப் புத்தம் புதிய தொழில்நுட்பம். 1925இல்தான் அது சந்தைக்கு வந்தது. அதுவரை பெட்டி போன்ற கேமராவும் முக்காலியும் கண்ணாடித் தகடுகளுமாக இருந்த தொழிலை, திரைப்படச் சுருளையே பயன்படுத்தி முப்பத்தாறு படங்களைச் சட்டைப் பைக்குள் அடக்கிவிட்ட கருவி அது. அந்தச் சிறு கேமரா இல்லையென்றால் பிரெஸ்ஸோனின் கலையே இல்லை. ஆகவே அவரைப் புதுக் கருவிகளின் எதிரியாகக் காட்டுவது வரலாற்றுப் பிழையாகும். தமக்குத் தடையாக இருந்தது பழைய கேமராவின் எடையும் வேகக் குறைவும் என்று கண்டார். அந்தத் தடையை நீக்கும் கருவியை வாங்கினார். வாங்கிய பிறகு, தடை இப்போது கருவியில் இல்லை, தம்மிடம்தான் இருக்கிறது என்பதையும் கண்டுகொண்டார். அதோடு கடைப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

பொருளியல் முதலாண்டு மாணவருக்குக் குறைந்து செல் விளைவு விதியைச் சொல்லித் தருவோம். ஒரு காணி நிலத்தில் உரத்தை மட்டும் மேலும் மேலும் கொட்டினால் விளைச்சல் முதலில் ஏறும், பிறகு ஏற்றம் குறையும், ஒரு கட்டத்தில் பயிரே கருகும். மாறாத காரணி நிலம். ஒளிப்படத்தில் அந்த நிலம் எது? எடுப்பவரின் கண், கவனம், அவர் வெளியில் நடந்து செலவிடும் நேரம். இவை அப்படியே இருக்க, லென்ஸின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதால் வருவது என்ன என்பதை அந்தக் காணி நிலமே சொல்லிவிடும். இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தால், புதிய கருவி கவனத்தைக் கூட்டாமல் விடுவதோடு நிற்பதில்லை, இருப்பதையும் தின்கிறது. பையில் நான்கு லென்ஸ் உள்ளவர் காட்சியைப் பார்க்கும் முன்பு எதைப் பொருத்துவது என்று பார்க்கிறார். ஒரே லென்ஸுடன் பல்லாண்டு நடந்தவருக்கோ, கேமராவை உயர்த்துவதற்கு முன்பே சட்டகத்துக்குள் எது விழும், எது விழாது என்பது உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்துவிடுகிறது. அபூர்வமாக 35 மில்லிமீட்டர் லென்ஸையும், இயற்கைக் காட்சிகளுக்காகச் சற்று நீண்ட லென்ஸையும் பிரெஸ்ஸோன் பயன்படுத்தியதுண்டு. ஆனால் அவை விருந்தாளிகள். வீட்டுக்காரர் 50 மில்லிமீட்டர்தான். கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தார். அருகிலுள்ளவர் கண்ணில் கருவி படக் கூடாது என்பதே நோக்கம். கழுத்தில் தொங்கும் கேமராவின் நிறுவனப் பெயர் பிறர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்பும் இன்றைய மனநிலைக்கு இது புரிபடுவது கடினம்.

ஃபிளாஷ் அவருக்கு ஆகாது. எடுத்த படத்தின் ஓரங்களைப் பிறகு வெட்டித் திருத்துவதும் ஆகாது. 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. வேலிப் பலகை இடையே வந்துவிட்டதால் ஓரத்தை வெட்ட நேர்ந்த படம் அது. அவருடைய புகழின் உச்சியில் இருக்கும் படமே அவருடைய விதிக்கு விலக்கு என்பது ஒரு வேடிக்கை.

1940இல் ஜெர்மானியப் படை பிரான்ஸுக்குள் புகுந்தபோது பிரெஸ்ஸோன் போர்முனையில் இருந்தார். பிடிபடுவதற்கு முன் தம் லைக்காவை வோஷ் மலைப் பகுதியில் ஒரு பண்ணை நிலத்தில் புதைத்துவைத்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போர்க் கைதியாக வேலை வாங்கப்பட்டார். இரு முறை தப்ப முயன்று சிக்கி, 1943இல் மூன்றாம் முறை தப்பினார். மண்ணைத் தோண்டிக் கேமராவை எடுத்தார். இதற்கிடையே, அவர் இறந்துவிட்டார் என்று கருதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நினைவஞ்சலிக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. 1947இல் அது திறக்கப்பட்டபோது அவர் நேரிலேயே போய் நின்றார்.

அதே ஆண்டில் ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோஜர் முதலியோருடன் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பை நிறுவினார். இதழ்கள் படத்தை வெளியிடலாம், ஆனால் படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும் என்பது அதன் அடிப்படை விதி. ஒளிப்படக்காரரின் வருவாயை நிர்ணயிப்பது அவர் கையிலுள்ள கருவியைவிட அவர் கையிலுள்ள பதிப்புரிமையே என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்தவர்கள் அதற்கு முன் குறைவு. நம் ஊர்களில் திருமணப் படம் எடுக்கும் இளைஞர்கள் தங்கள் சங்கக் கூட்டங்களில் லென்ஸைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குத் தரலாம்.

மேக்னத்தின் உறுப்பினராக, ஆசியாவைத் தம் பங்காகக் கொண்டு, 1947 இறுதியில் இந்தியா வந்தார். அவருடைய மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நாட்டியக் கலைஞர். அவருடைய நட்புகள் வழியாகத் தலைவர்களின் இல்லங்கள் திறந்தன. 1948 ஜனவரி 30 பிற்பகல், டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சியின் நூலை அடிகள் புரட்டிப் பார்த்தார். சவ வண்டியின் அருகே ஒரு கவிஞர் நடந்து செல்லும் படத்தில் நின்று, அதன் பொருள் என்ன என்று வினவினார். பிரெஸ்ஸோன் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்துக்குள் துப்பாக்கி வெடித்தது. செய்தி அறிந்து திரும்பினார். இருட்டிவிட்ட வேளையில், மாளிகையின் வாயிற்கதவில் ஏறி நின்று, திரண்டிருந்த மக்களிடம் நேரு அந்தச் செய்தியைச் சொன்ன காட்சியைப் படமெடுத்தார். ஒளி போதவில்லை. படம் மங்கலாக, சிதறிய ஒளிப்புள்ளிகளோடு இருக்கிறது. இன்றைய இலவசச் செயலி ஒன்றுகூட அதைத் துப்புரவாக்கிக் கொடுத்துவிடும். ஆனால் அந்த மங்கல்தான் அந்த மாலை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காந்தியடிகள் இராட்டையருகே அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை 1946இல் எடுத்த அமெரிக்கர் மார்கரெட் போர்க்-ஒயிட், பெரிய கேமராவும் ஃபிளாஷ் பல்புகளுமாக வேலை செய்தவர். மூன்று பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. இரண்டு முயற்சிகள் வீணாகி, மூன்றாவதில்தான் படம் அமைந்தது. அந்தப் படமும் காலத்தை வென்று நிற்கிறது. கருவி பெரிதா, சிறிதா என்பதில் புனிதம் எதுவும் இல்லை. போர்க்-ஒயிட் தமது பணிக்கு எது தேவை என்று அறிந்திருந்தார், பிரெஸ்ஸோன் தமதுக்கு.

இந்தியாவிலிருந்து சீனா. 1948 டிசம்பரில் ஷாங்காய் வங்கி வாசலில் அவர் எடுத்த ஒரு படத்தைப் பணவீக்கம் குறித்த எந்த வகுப்பிலும் முதலில் காட்டலாம். காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டிருக்க, அதைக் கொடுத்துத் தங்கம் வாங்கிவிட மக்கள் ஒருவரை ஒருவர் நெருக்கி, ஒரே உடல்போல் பின்னிக் கிடக்கிறார்கள். நாளை விலை ஏறிவிடும் என்ற அச்சம் மனிதரை எப்படி வரிசையில் நெரிக்கும் என்பதற்கு அதைவிட விளக்கமான பாடம் கிடையாது. தள்ளுபடி விற்பனை நாட்களில் கைப்பேசித் திரையின் முன் இதே நெரிசல் ஓசையின்றி நடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தங்கம் வாங்கியவராவது விலை குறையாத பொருளை வாங்கினார்.

1949 இறுதியில் இந்தோனேசிய விடுதலையைப் படமெடுத்து முடித்துவிட்டு, மறு ஆண்டு மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அப்போதுதான் திருவண்ணாமலை.

ரமண மகரிஷி இடக் கையில் தோன்றிய புற்றுக் கட்டியால் நலிவுற்றிருந்த இறுதி நாட்கள் அவை. அறுவைச் சிகிச்சைகள் பலனளிக்கவில்லை. ஆயினும் தம்மைக் காண வருவோரைத் தடுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். படமெடுக்க வருவோரையும் அவர் பொதுவாகத் தடுத்ததில்லை. சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசுவாமியும் பெங்களூரு ஜி.ஜி. வெல்லிங்கும் எடுத்த படங்கள்தாம் இன்று உலகெங்கும் பூஜை அறைகளில் உள்ளன. 1896 செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்தவுடன் கையில் மிஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தவர் ரமணர். கோவணம், கமண்டலம், கைத்தடி என்பதற்கு மேல் அவருக்கு உடைமை இருந்ததில்லை. அவரிடம் ஒற்றை லென்ஸுடன் ஒருவர் வந்து சேர்ந்ததைப் பொருத்தமென்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ரமணருடையது துறவு. பிரெஸ்ஸோனுடையது துறவன்று, ஒன்றில் மட்டும் தீராத பேராசை. முகங்களின் மீதும் நொடிகளின் மீதும் அவருக்கு இருந்த பசிக்கு எல்லையில்லை. படச்சுருளை அவர் சிக்கனமாகச் செலவழித்தவரும் அல்லர். அந்தப் பசிக்கு இடைஞ்சலாக வந்த மற்ற ஆசைகளைத்தான் ஓரம் தள்ளினார்.

1950 ஏப்ரல் 14 இரவு. ஆசிரமத்துக்கு அருகே தாம் தங்கியிருந்த வீட்டின் முன் பிரெஸ்ஸோன் இருந்தார். வானத்தில் நீண்ட ஒளிவாலுடன் ஓர் எரிமீன் தெற்கிலிருந்து தோன்றி, வழக்கமான எரிமீன்களைப்போல் சட்டென மறையாமல், மெல்ல ஊர்ந்து, அருணாசல மலையின் பின்னே மறைந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ஆசிரமத்துக்கு விரைந்தபோது, அதே நிமிடத்தில் மகரிஷியின் உயிர் பிரிந்திருந்ததை அறிந்தார். எரிமீனுக்கு அவர் தந்த விளக்கம் எதுவும் இல்லை. பகுத்தறிவுப் பிரெஞ்சு மரபில் வளர்ந்த ஒருவர் தாம் கண்டதையும் நேரத்தையும் மட்டும் சாட்சியாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த எரிமீனுக்கு அவர் எடுத்த படம் கிடையாது. அன்றைய படச்சுருளின் ஒளியுணர்திறனுக்கு, கையில் பிடித்த கேமராவில் அது விழுந்திருக்கவும் செய்யாது. இன்றைய கருவி ஒன்று அன்று அங்கே இருந்திருந்தால்? ஒருவேளை விழுந்திருக்கலாம். ஆனால் அந்தக் கருவியின் திரையில் அமைப்புகளைச் சரிசெய்யக் குனிந்திருந்த ஒருவர் வானத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்? மறுநாள் சமாதிக்குத் திரண்ட மக்களை, அவர்களின் துயரை, கூட்ட நெரிசலை அவர் படமெடுத்தார். அந்தப் படங்களில் ஆரவாரமோ, ஒளி வேடிக்கையோ இல்லை. ஒருவர் பின் ஒருவராக நிற்கும் முகங்கள் இருக்கின்றன. அதே மாதத்தில் புதுச்சேரி சென்று, நீண்ட காலமாகப் படமெடுக்க யாரையும் அனுமதிக்காதிருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார்.

1952இல் அவருடைய முதல் பெருந்தொகுப்பு ஓவியர் மாட்டிஸ் வரைந்த அட்டையுடன் வெளிவந்தது. 1954இல் லைக்கா எம்3 வந்தபோது பிரெஸ்ஸோனும் அந்த வகைக்கு மாறினார். வாழ்நாள் முழுவதும் ஒரே கேமராவை வைத்திருந்தார் என்பது சிலர் ஆர்வத்தில் சொல்லும் கதை. தேய்ந்ததை மாற்றினார், நல்லதொரு மேம்பாடு வந்தபோது ஏற்றுக்கொண்டார். ஆனால் லென்ஸின் பார்வைக் கோணமும் வேலை செய்யும் முறையும் மாறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ, பரிசாக வந்த புதிய செந்நிற மேலங்கியின் முன் தம் அறையின் மேசை, நாற்காலி, படம் எல்லாம் பழசாகத் தோன்றி, ஒவ்வொன்றாக மாற்றிய கதையைத் தாமே எழுதியிருக்கிறார். நுகர்வியல் படிப்போர் இதை இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். புதிய கேமரா வந்தால் பழைய லென்ஸ் தரம் தாழ்ந்ததாகத் தோன்றும். லென்ஸ் வந்தால் பை சிறிதாகும். பை பெரிதானால் அதை நிரப்பியாக வேண்டும். எம்3 பிரெஸ்ஸோனின் வீட்டுக்கு வந்தபோது இந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் எழுத வேண்டும். அவருடைய எளிமைக்குப் பின்னால் ஒரு பெரும் அமைப்பு இருந்தது. படங்களைக் கழுவி அச்சிடும் வேலையை அவர் பாரிஸில் ஓர் ஆய்வுக்கூடத்திடம் விட்டார். விற்பனையை மேக்னம் பார்த்துக்கொண்டது. குடும்ப வசதி பின்னால் இருந்தது. மாலையில் திருமண மண்டபத்தில் இருட்டிலும் நெரிசலிலும் படமெடுத்து, மறுநாளே வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய திருவண்ணாமலை ஸ்டுடியோக்காரரிடம் ஒற்றை லென்ஸின் பெருமையைப் பேசுவது அறமாகாது. அவருக்குக் கேமரா மூலதனப் பொருள். அது தன் விலையைத் தானே ஈட்டித் தரும், தராவிட்டால் அவர் வாங்க மாட்டார். சம்பாதிக்காத கேமராவுக்குச் சம்பளத்தில் பாதியைத் தவணையாகக் கட்டுபவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

1970களின் தொடக்கத்தில் பிரெஸ்ஸோன் தம் லைக்காவையும் ஏறத்தாழக் கீழே வைத்துவிட்டார். மேக்னத்தின் அன்றாட வேலைகளிலிருந்து அதற்கு முன்பே ஒதுங்கியிருந்தார். 1970இல் அவர் மணந்த மார்ட்டின் ஃபிராங்க் தாமும் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர். அவர் தொடர்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தார். கணவரோ இளமையில் விட்ட இடத்துக்குத் திரும்பி, பென்சிலும் காகிதமுமாக அருங்காட்சியகங்களில் நின்று வரைந்தார். தம்மைக் காண வருவோர் ஒளிப்படத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை ஓவியத்தின் பக்கம் திருப்புவார். அவருடைய கோட்டோவியங்கள் அவருடைய படங்களின் தரத்தை எட்டவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு. முப்பது ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தாமல் வரைந்துகொண்டே இருந்தார். 2004 ஆகஸ்ட் 3 அன்று, 96ஆவது பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில், தெற்குப் பிரான்ஸில் காலமானார்.